நிறுத்தியவரே மீட்க வேண்டும்

எங்கள் ஆய்வகத்தில் பலரும் பயன்படுத்தும் கணினி ஒன்று உண்டு. அதிலுள்ள எக்செல் கோப்பில் அளவீட்டை உள்ளிட்டதும், அருகிலுள்ள கட்டத்தில் தேதியும் நேரமும் தாமாகப் பதியும்படி மேக்ரோ எழுதியிருந்தேன். ஒருநாள் காலை முதல் பிற்பகல் வரை எந்த அளவீட்டுக்கும் நேரம் பதியவில்லை. பிழைச்செய்தியும் இல்லை. தேடிப் பார்த்ததில், அதே எக்செல்லில் திறந்திருந்த சக ஆய்வாளரின் மேக்ரோ பாதியில் முறிந்ததே காரணம் எனத் தெரிந்தது.

விபிஏ மொழியில் 'அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ்' என்பது ஒரு கோப்புக்குரிய அமைப்பு அன்று. செயலி முழுமைக்கும் உரியது. அதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளின் நிகழ்வுகளும் அடங்கிவிடும். மேக்ரோ முடிந்தாலும் அது தானே மீளாது. எவரேனும் 'ட்ரூ' ஆக்கும் வரை, அல்லது எக்செல்லை மூடித் திறக்கும் வரை அந்நிலையே நீடிக்கும்.

நிறுத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. மாற்ற நிகழ்வுக்குள் நாமே ஒரு கட்டத்தில் எழுதினால், அந்நிகழ்வு தன்னையே மீண்டும் அழைக்கும். ஆகவே நிறுத்தம் தேவையே. ஆனால் முந்தைய மதிப்பை ஒரு மாறியில் சேமித்து, 'ஆன் எரர் கோட்டூ' வழியே பிழை நேர்ந்தாலும் மீட்கும் வரியை அடையச் செய்வது எழுதுபவரின் கடமை.

'வித்ஈவென்ட்ஸ்' கொண்டு செயலி முழுமைக்குமான கையாளியை அமைப்போரின் பொறுப்பு இன்னும் பெரிது. அது பிறர் கோப்புகளிலும் இயங்கும். அங்கே ஒரு கட்டத்தை மாற்றினாலே, அவர்கள் செய்த பணியைத் திரும்பப் பெறும் 'அன்டூ' வரிசை அழிந்துவிடும். எனவே நிகழ்வு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று முதலில் சோதிக்க வேண்டும். தன் கோப்பின் நிகழ்வே போதுமெனில், செயலி மட்டத்துக்குப் போகவே கூடாது. மேலும், பிழைப்பெட்டியில் 'எண்ட்' பொத்தானை அழுத்தினால் கையாளியைத் தாங்கும் மாறி வெறுமையாகி, கையாளியும் ஓசையின்றி மறையும். அதை மீண்டும் நிறுவ வழி வைத்திருக்க வேண்டும்.

ஆய்வு முறையியல் வகுப்புகளில் சூத்திரமும் வரைபடமும் கற்பிக்கிறோம். இதையும் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. தவறான எண்ணை மறுபார்வையில் பிடித்துவிடலாம். நிகழாமற்போன நிகழ்வு பெரும்பாலும் தடயம் விடுவதில்லை. என் கோப்பில் வெற்றுக் கட்டங்களாவது காட்டிக்கொடுத்தன. ஆயினும், நேரமறியா அளவீடுகள் பயன்படாமையால், அன்றைய சோதனை முழுவதையும் மறுபடி செய்தேன்.