ஈரான் பக்கம், டவுன்ஹால் தூரமா?

உலக சினிமா எழுதற நம்ம பதிவர்கள்கிட்ட ஒரு ஃபார்முலா இருக்குங்க. முதல் பத்தியில இயக்குநர் பேரு, அவர் வாங்கின விருது. அடுத்த நாலு பத்தி கதைச் சுருக்கம். கடைசியில "ஒளிப்பதிவு ஒரு கவிதை, தவறவிடாதீர்கள்". படம் ஈரான்னா "குழந்தைகளின் உலகம்"னு ஒரு வரி, கொரியான்னா "இளகிய மனம் படைத்தோர் தவிர்க்கவும்"னு ஒரு வரி. கதம் கதம். யாரையும் பேர் சொல்லித் திட்டப் போறதில்லை, பயப்படாதீங்க. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இத்தனை பேர் இத்தனை படம் எழுதறோமே, 'நசீர்' பத்தி ஏன் இவ்வளவு கம்மியா எழுதியிருக்கோம்?

தெரியாதவங்களுக்காக: 'நசீர்' 2020-ல வந்த தமிழ்ப் படம். எடுத்தவர் அருண் கார்த்திக், கோயமுத்தூர்க்காரர். திலீப்குமாரின் சிறுகதை ஒண்ணைத் தழுவினது. (திலீப்குமாரும் நம்மூர்ல பிறந்தவர்தான். தாய்மொழி குஜராத்தி, எழுதறது தமிழ். கோவையில மட்டுமே சாத்தியமான காம்பினேஷன்.) ராட்டர்டாம் திரைவிழாவுல போட்டிப் பிரிவுல இருந்துச்சு, நெட்பேக் விருது வாங்குச்சு. ஊரடங்கு நேரத்துல, 2020 ஜூன்ல, 'வீ ஆர் ஒன்'ங்கிற இணையத் திரைவிழா மூலமா யூடியூப்ல காசில்லாம காட்டினாங்க. கதை நடக்கற இடம் பாரிஸும் இல்லை, டெஹ்ரானும் இல்லை. கோயமுத்தூர்ங்க, கோயமுத்தூரு!

கதைன்னு சொன்னா ஒரே ஒரு நாள். நசீர் ஒரு சேலைக்கடை சேல்ஸ்மேன். காலையில எந்திரிக்கிறார், தண்ணி பிடிக்கிறார், மனைவி தாஜ் கொஞ்ச நாளைக்கு வெளியூர் போறதால பஸ் ஏத்திவிடறார். வீட்டுல நோயாளி அம்மா. தத்தெடுத்து வளர்க்கிற, மனவளர்ச்சி குன்றின பையன் இக்பால். அப்புறம் கடை, வாடிக்கையாளர், மதியச் சாப்பாடு, பீடி. மனசுக்குள்ள மனைவிக்கு எழுதற கடிதம். ராத்திரி வீட்டுக்குத் திரும்பற வழி. அவ்வளவுதான்.

படம் பார்த்த என் ஆபீஸ் நண்பன் (சரவணம்பட்டி, பக்கத்து சீட்டு) சொன்ன விமர்சனம்: "ஒண்ணுமே நடக்கலயேங்ணா." இதே நண்பன் வோங் கார்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தை மூணு தடவை பார்த்தவன். அதுல என்னப்பா நடந்துச்சு? ரெண்டு பேர் நூடுல்ஸ் வாங்க மாடிப்படி ஏறி இறங்கினாங்க. அங்கே அது 'மௌனத்தின் அழகியல்'. நம்மூர் ஆள் சேலையை மடிச்சு வச்சா மொக்கை. ஓசுவோட 'டோக்கியோ ஸ்டோரி' 1953-ல வந்தது. பெத்தவங்க பட்டணத்துல இருக்கற புள்ளைகளைப் பார்க்கப் போறாங்க, புள்ளைகளுக்கு நேரமில்லை. கோபியிலயும் தாராபுரத்துலயும் இருந்து பெங்களூரு அபார்ட்மெண்டுக்குப் போய் நாலாம் நாளே "ஊருக்கு டிக்கெட் போட்ருடா சாமி"ன்னு கெஞ்சற நம்ம அப்பா அம்மா கதைதான அது? சப்டைட்டில் இருந்தாத்தான் கண்ணீர் வரும்னா அந்தக் கண்ணீரைக் கொஞ்சம் சந்தேகப்படணும்.

அடுத்த குற்றச்சாட்டு: "வெளிநாட்டுக்காரன்கிட்ட காசு வாங்கி நம்ம ஊர் அழுக்கைக் காட்டறாங்க." ஆமாங்க, நெதர்லாந்துக் கூட்டுத் தயாரிப்புதான். மில்லும் பம்ப்செட்டும் ஃபவுண்டரியுமா இருக்கற ஊர்ல, சேல்ஸ்மேன் கதைக்குக் காசு போட எத்தனை பேர் வரிசையில நின்னாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம். இத்தனைக்கும் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோன்னு சென்னைக்குப் போட்டியா படம் எடுத்த ஊர் இது. இந்தப் பல்லவியும் புதுசில்லை. 1980 வாக்கில நர்கீஸ், மாநிலங்களவை உறுப்பினரா இருந்தப்ப, சத்யஜித் ராய் இந்தியாவோட வறுமையை வெளிநாட்டுக்கு விக்கிறார்னு சொன்னாங்க. சொன்னது பழங்கதை ஆயிடுச்சு. அபுவும் துர்காவும் இன்னும் இருக்காங்க.

இப்ப சீரியஸான குற்றச்சாட்டுக்கு வர்றேன். (இனிமே முடிவைச் சொல்லப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.)

படம் முழுக்க எங்கேயோ ஒரு ஒலிபெருக்கி வெறுப்பைப் பேசிக்கிட்டே இருக்கு. கடையில கூட வேலை பார்க்கறவங்க பேச்சுலயும் அது கசியுது. யாரும் நசீரை நேரா ஒண்ணும் சொல்றதில்லை. அவரும் சிரிச்சுக்கிட்டே போயிடறார். ராத்திரி ஒரு கும்பல் அவரைத் தெருவுல அடிச்சுக் கொல்லுது. படம் முடிஞ்சிடுது.

உடனே வரும் கேள்வி: "1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பை ஏன் காட்டலை? செத்த 58 பேரு?" நியாயமான துக்கம்ங்க, நான் கிண்டல் பண்ணல. எங்க வயசுக்காரங்களுக்கு நினைவு தெரியறதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா ஊரே அதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்துச்சு. அதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடி, 1997 நவம்பர் கடைசியில, இதே ஊர்ல 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும் கடைகள் எரிஞ்சதையும் சொன்னவங்க கம்மி. அது கிடக்கட்டும். அந்த 58 பேருக்கும் கட்டாயம் படம் வேணும். அவங்கள்லயும் கடை வேலைக்குக் கிளம்பினவங்க, வீட்டுல சொல்லிட்டு வந்தவங்க இருந்திருப்பாங்க. அப்படி ஒரு படம் எடுத்தா அதுவும் ஒரு வீட்டுல, காலைத் தண்ணி பிடிக்கறதுல இருந்துதான் தொடங்கணும். ஆனா சேலை மடிக்கிற ஒரு மனுஷன், தான் குண்டு வைக்காதவன்னு முதல்ல நிரூபிச்சாத்தான் அவன் சாவுக்கு நாம வருத்தப்படுவோம்ங்கிறது என்ன கணக்கு? கும்பல் போட்ட கணக்கும் அதுதானே?

படத்தைத் திட்டினவங்களை விட்டுடலாம். என் பெரிய கோவம் பாராட்டினவங்க மேல. எழுதின கொஞ்சப் பேரும் "மதவெறிக்கு எதிரான துணிச்சலான அரசியல் படம்"னு ஒரு முத்திரை குத்தி அலமாரியில வச்சுட்டாங்க. கடைசிச் சில நிமிஷத்தைப் பார்த்துட்டு முதல் ஒரு மணி நேரத்தை மறந்துட்டாங்க. அந்த ஒரு மணி நேரம் முழுக்கக் காதல்ங்க. கல்யாணமாகி வருஷக்கணக்கான நடுத்தர வயசு ஆள், மூணு நாள் பிரிவுக்கு இப்படி ஏங்கறதைத் தமிழ்ல எந்தப் படத்துல பார்த்தோம்? நம்ம சினிமால காதல் தாலி கட்டற சீனோட ரிடையர் ஆயிடும். அதுக்கப்புறம் சண்டை, சந்தேகம், மாமியார். நசீருக்கு மனைவி ஊர்ல இல்லாத வீடு வேற வீடு. நசீரா நடிச்ச குமரன் வளவன் புதுச்சேரி நாடகக்காரர். தோளைக் கொஞ்சம் தொங்கப் போட்டு நடக்கற அந்த நடையிலயே இதைச் சொல்லிடறார். சட்டமும் பழைய டிவி மாதிரி 4:3. கூட்டமான தெருவுலயும் அந்த மனுஷன் மட்டும் நமக்குப் பக்கத்துல இருக்கற மாதிரி ஆயிடுது.

குடும்பப் படம்னா மையப் பாத்திரம் மாறணும்னு ஒரு பாடம் உண்டு. நசீர் மாறவே இல்லை. காலையில இருந்த அதே ஆள்தான் ராத்திரியும். அவரைச் சுத்தி ஊர்தான் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமா வேற ஊராயிட்டு வருது. அதைக் கவனிக்காம நாமும் அவரோட சேர்ந்து பீடி குடிச்சுக்கிட்டு நிக்கிறோம். அரசியல் படம்னு முன்னாடியே போர்டு மாட்டிட்டா இந்த அடி விழவே விழாது. பார்க்கறவன் முதல் சீன்லயே ஹெல்மெட் போட்டுக்குவான்.

கொங்குன்னா திரையில என்ன? 'சின்னக் கவுண்டர்' காலத்துல இருந்து வெள்ளை வேட்டி, பொள்ளாச்சித் தோப்பு, பஞ்சாயத்து, காமெடிக்கு "ஏனுங், சரிங்". அந்தக் கூட்டத்துல இருந்து விலகி நிக்கிற இன்னொரு படம் 'சேத்துமான்'. பெருமாள்முருகன் கதை, தமிழ் இயக்கினது, 2022-ல சோனி லிவ்ல வந்தது. ஒரு தாத்தா, ஒரு பேரன், ஒரு பன்னி. அதுல நம்ம பேச்சு காமெடியா இல்லை, பேச்சாவே இருக்கு. அதுக்குத் தனிப்பதிவே போடணும்.

ஒரு காலத்துல கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இந்த ஊர்ல உலகப் படங்கள் போட்டுச்சு. அங்கே டெஹ்ரான் தெருவைக் கோயமுத்தூர்ல உட்கார்ந்து பார்த்தாங்க. இப்ப கோயமுத்தூர்த் தெருவை ராட்டர்டாம்ல உட்கார்ந்து பார்த்துட்டாங்க. நம்மாளுங்க மட்டும்தான் பாக்கி.

டிஸ்கி: பின்னூட்டத்துல "படம் ஸ்லோ"ன்னு மட்டும் எழுதறவங்க, எந்த சீன் ஸ்லோன்னு சேர்த்து எழுதுங்க சாமிகளா. முழுசாப் பார்த்தீங்களான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்ல.