தலா வருமானம் யாருடைய வருமானம்?

ஒரு நாட்டில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டால் உடனே தலா வருமானத்தைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. செய்தித்தாள்கள் அதை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துகின்றன. படித்தவர்கள் பேச்சிலும் அதுவே தீர்ப்பு. ஆப்பிரிக்கா என்று வரும்போது இந்தப் பழக்கம் இன்னும் முற்றிவிடுகிறது. எண்ணெயோ வைரமோ கிடைத்த நாடு பிழைத்தது, கிடைக்காத நாடு கெட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்த நம்பிக்கை தவறு. அதோடு, சொந்த மக்களைச் சுரண்டும் ஆட்சிகளுக்கு அது நற்சான்றிதழாகவும் பயன்படுகிறது. எக்குவடோரியல் கினியையும் கேப் வெர்டேயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இரண்டும் சிறிய நாடுகள். எக்குவடோரியல் கினி (இனி, சுருக்கமாகக் கினி) 1968-இல் ஸ்பெயினிடமிருந்தும், பத்துத் தீவுகளாலான கேப் வெர்டே 1975-இல் போர்ச்சுகலிடமிருந்தும் விடுதலை பெற்றன. 1995-இல் கினியின் பியோகோ தீவுக்கு அப்பால் கடலில் சஃபீரோ எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்நாட்டின் தலா வருமானம் 20,000 டாலரை ஒட்டி உயர்ந்து, ஆப்பிரிக்காவின் முன்வரிசைக்குப் போனது. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்ததால் அது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் இன்றும் கேப் வெர்டேயைவிட அதிகம். இப்போது உயிர்க்கணக்கைப் பாருங்கள். கேப் வெர்டேயில் சராசரி ஆயுள் 75 ஆண்டுக்கு மேல். கினியில் 65-ஐக்கூட எட்டவில்லை. கேப் வெர்டேயில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 5 வயதுக்குள் இறப்பவை 15-க்கும் குறைவு. கினியில் ஏறத்தாழ 70. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியை கேப் வெர்டேயில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் முழுமையாகப் போட்டுக்கொள்கின்றன. கினியில் பல ஆண்டுகளாகப் பாதிக்குப் பாதிதான். தடுப்பூசி ஒன்றும் விலையுயர்ந்த பொருள் அல்ல.

பணம் எங்கே போனது? முதலில் கணக்கு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக மேற்கோள் காட்டப்படும் தலா வருமானம், நாட்டு எல்லைக்குள் உற்பத்தியான எல்லாவற்றின் மதிப்பையும் மக்கள்தொகையால் வகுத்து வருவது. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி எடுத்துச் செல்லும் லாபமும் அதில் அடக்கம். மிஞ்சியதில் அரசுக்கு வந்த பங்கு எந்தக் கைகளுக்குப் போனது என்பது பல நாட்டு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. கினி அதிபர் தியோடோரோ ஒபியாங் 1979-இல் சொந்தச் சித்தப்பாவைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தவர்; இன்றுவரை இறங்கவில்லை. வாஷிங்டனின் ரிக்ஸ் வங்கியில் கினி அரசும் ஆளும் குடும்பமும் வைத்திருந்த கணக்குகள் 70 கோடி டாலர் அளவுக்கு இருந்ததை 2004-இல் அமெரிக்க செனட் விசாரணை வெளிக்கொண்டுவந்தது. ஒபியாங்கின் மகனும் துணை அதிபருமான தியோடோரின், நாட்டுப் பணத்தை பிரான்சில் சொத்தாக மாற்றிய குற்றத்துக்காக 2017-இல் பாரிஸ் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். 2021-இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை உறுதிசெய்தது. பாரிஸில் மாளிகையாக மாறிய பணத்தையும் மக்கள்தொகையால் வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று நாம் எழுதிக்கொண்டிருந்தோம்.

கேப் வெர்டேயில் மழை அபூர்வம். 1940-களின் பஞ்சங்களில் பல பத்தாயிரம் பேர் பட்டினியால் மாண்டார்கள். காலனி அரசு பார்த்துக்கொண்டிருந்தது. விடுதலைக்குப் பிறகும் வறட்சி விடவில்லை. வெளிநாட்டு உணவு உதவியை நம்பித்தான் வாழ வேண்டியிருந்தது. அந்தத் தானியத்தை அரசு இலவசமாக வாரிக் கொடுக்கவில்லை. சந்தையில் விற்றது, வந்த பணத்தைப் பொதுப்பணிக்குக் கூலியாகக் கொடுத்தது. பெண்களும் ஆண்களுமாக வறண்ட ஓடைகளின் குறுக்கே கல்லடுக்கித் தடுப்புச் சுவர் கட்டினார்கள், மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டினார்கள், லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். எப்போதோ பெய்யும் மழையில் மண் கடலுக்குப் போகாமல் நின்றது; கூலி வாங்கியவர் வீட்டில் அடுப்பும் எரிந்தது. 1991-இல் பல கட்சித் தேர்தல் வந்தபோது, விடுதலை வாங்கித் தந்த கட்சியே தோற்று அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது. அதற்குப் பிறகும் ஆட்சி மாறி மாறி வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு கேப் வெர்டேயை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அடுத்த தேர்தலில் தோற்கக்கூடும் என்ற பயம் உள்ள அரசுக்குத்தான் கிராமத்துச் சுகாதார நிலையம் நினைவிருக்கும்.

கேப் வெர்டேயைத் தூக்கி நிறுத்தியது வெளிநாட்டு உதவியும், புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பும் பணமும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. பாஸ்டனிலிருந்தும் லிஸ்பனிலிருந்தும் நேராகச் சமையலறைக்கு வரும் அந்தப் பணம் உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் சேராது. கினிக்காரர் கண்ணில் படாத எண்ணெய் லாபம் சேரும். பணக்கார நாடுகளில் பொதுவாக ஆயுள் அதிகம்தானே என்பது இன்னொரு கேள்வி. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் பணம் பள்ளியாகவும் மருந்தாகவும் மாறிய இடங்களில்தான் ஆயுள் நீண்டது. தானாக எங்கும் நீளவில்லை. ஐ.நா.வின் மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டில் இரண்டு நாடுகளும் ஏறத்தாழ சமமாக இருக்கின்றனவே என்பவர்களுக்கும் பதில் உண்டு. எழுத்தறிவில் கினி பின்தங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் குறியீடும் ஒரு சராசரியே. குறைந்த ஆயுளை அதிக வருமானத்தால் அதில் ஈடுகட்டிவிடலாம். இறந்த குழந்தையை எந்த வருமானத்தாலும் ஈடுகட்ட முடியாது.

இந்த நம்பிக்கை வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை, விதியாகவும் இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது: வருமானம், மக்களின் உடல்நலமும் கல்வியும், பொருளாதார அதிர்ச்சிகளைத் தாங்கும் திறன். வழக்கமாக இரண்டில் தேற வேண்டும். 2007-இல் கேப் வெர்டே முதல் இரண்டிலும் தேறி வெளியேறியது. 2017-இல் எக்குவடோரியல் கினி மற்ற இரண்டிலும் தோற்று, வருமானத்தை மட்டும் காட்டி வெளியேறியது. வருமானம் நிர்ணயித்த வரம்பைப்போல் இரு மடங்கு இருந்தால் அதுவே போதும் என்று ஒரு தனி வழி இருந்தது. பிறகு அந்த இரு மடங்கை மூன்று மடங்காக்கினார்கள், வழியை மூடவில்லை. அதை மூட வேண்டும்.