இழுத்தால் அபராதம், தாங்கினால்?

2019 ஆகஸ்ட் 9 மாலை, லண்டனுக்கு வடக்கே ஒரு மின்தடத்தை மின்னல் தாக்கியது. பிரிட்டனில் இது அன்றாடச் செய்தி. ஆனால் அடுத்த நொடியே வடகடலில் உள்ள ஹார்ன்சீ காற்றாலையிலிருந்து 737 மெகாவாட் காணாமல் போனது. கூடவே ஓர் எரிவாயு நிலையமும் விழ, சுமார் 11 லட்சம் இணைப்புகள் இருண்டன. காற்று அன்று குறையவில்லை. சட்டென மின்னழுத்தம் ஆடியதும், அதைத் தாங்க வேண்டிய கட்டுப்பாட்டு மென்பொருளே தடுமாறி, ரியாக்டிவ் பவர் அலைபாயத் தொடங்கியதுதான் காரணம். மறுநாளே மென்பொருளைத் திருத்திவிட்டார்கள்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் 2025 ஏப்ரல் 28 அன்று இருண்டபோது கோளாறு எதிர்த்திசையில் இருந்தது. அங்கே மின்னழுத்தம் எகிறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. அதை அடக்க வேண்டிய அனல், அணு நிலையங்கள் போதிய அளவு உதவவில்லை. காற்றாலைகளும் சூரிய நிலையங்களும் உதவியிருக்கலாம். ஆனால் மின்னழுத்தம் எப்படிப் போனாலும் ரியாக்டிவ் பவரின் பங்கைக் காட்டும் பவர் ஃபாக்டரை மாற்றாமல் வைத்திருங்கள் என்பதே அப்போது அவற்றுக்கு இருந்த விதி.

தமிழ்நாட்டின் காற்றாலை ஊர்களான ஆரல்வாய்மொழிக்கும் கயத்தாறுக்கும் இதில் பாடம் இருக்கிறது. ரியாக்டிவ் பவர் விளக்கெரிக்காது, மோட்டாரைச் சுழற்றாது. ஆனால் மோட்டாருக்குள் காந்தப்புலம் உருவாக அது இல்லாமல் ஆகாது. குறைந்தால் மின்னழுத்தம் சரியும், மிகுந்தால் ஏறும். நெடுந்தூரம் கொண்டுபோவது வீண் என்பதால் தேவைப்படும் இடத்திலேயே சரிக்கட்ட வேண்டும். 1990களில் முப்பந்தலில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் மின்சாரம் தந்துகொண்டே ரியாக்டிவ் பவரைத் தொகுப்பிலிருந்து இழுப்பவை. காற்று பலக்கப் பலக்க இழுப்பும் கூடும். அதை ஈடுசெய்யும் கெப்பாசிட்டர் பழுதானால் துணைமின் நிலையத்தில் உடனே தெரிந்துவிடும்.

அதனால்தான் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இழுப்புக்குக் கட்டணம் வைத்தது. உற்பத்தியில் 10 சதவீதம் வரை இழுத்தால் ஒரு விலை, மீறினால் இரட்டிப்பு. அன்றைய இயந்திரங்களுக்கு அது நியாயமான விதி. இன்று அதன் ஊனம் வெளிப்படையானது: மீட்டர் இழுப்பைப் பார்க்கிறதே தவிர, அந்த நேரத்து மின்னழுத்தத்தைப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் பயன்பாடு குறைந்து மின்னழுத்தம் ஏறிக் கிடக்கையில் ரியாக்டிவ் பவரை இழுப்பது தொகுப்புக்குச் செய்யும் உபகாரம். அதற்கும் பில் போடுவது என்ன கணக்கு? மாநிலங்களுக்கிடையிலான தொகுப்பில் மின்னழுத்தம் 97 சதவீதத்துக்குக் கீழா, 103 சதவீதத்துக்கு மேலா என்று பார்த்துத்தான் கட்டணமும் வரவும் தீர்மானமாகின்றன. ஆரல்வாய்மொழிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கன்வெர்ட்டர் உள்ள புதிய காற்றாலைகள் ரியாக்டிவ் பவரைக் கொடுக்கவும் வல்லவை, எடுக்கவும் வல்லவை. சில வகைகள் காற்றே இல்லாதபோதும் இதைச் செய்யும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 திருத்தம், பவர் ஃபாக்டரை இருபுறமும் 0.95 வரை மாற்றும் திறனைக் கட்டாயமாக்கியது. ஆக, திறன் இருக்கிறது. ஆனால் இழுத்தால் அபராதம், தாங்கினால் வரவு இல்லை என்றால் எந்த உரிமையாளர் தன் இயந்திரத்தின் ரியாக்டிவ் பவரைப் பூஜ்யத்திலிருந்து அசைப்பார்?

மின்வாரியம் இருக்கும் கடனில் இதற்கு வேறு காசா என்ற கேள்வி வரும். மின்னழுத்தத்தைத் தாங்குவது இப்போதும் இலவசமாக நடக்கவில்லை. உடுமலைப்பேட்டையிலும் திருச்சியிலும் பவர்கிரிட் நிறுவனம் ரியாக்டிவ் பவரைக் கொடுக்கவும் எடுக்கவும் வல்ல ஸ்டாட்காம் கருவிகளை நிறுவியது இதற்காகத்தான். அந்தச் செலவும் கடைசியில் நுகர்வோர் தலையில்தான் வந்து விழுகிறது. பிரிட்டன் பெரிய நிலையங்களிடம் இந்தச் சேவையைக் கட்டாயமாகக் கேட்கிறது, அளந்து காசும் கொடுக்கிறது.

ஆணையம் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. துணைமின் நிலைய மின்னழுத்தத்தோடு கட்டணத்தைப் பிணைக்க வேண்டும். தொகுப்பு கேட்டபடி கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் வரவு வைக்க வேண்டும். பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கான 2024 கொள்கையின் கீழ் அனுமதி பெறும் ஒவ்வொரு காற்றாலையும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டு முறையில் இயங்க வேண்டும் என்ற நிபந்தனையை இப்போதே சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு பழைய இயந்திரங்களை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களை இதில் நசுக்கக் கூடாது; அவர்களுக்குத் துணைமின் நிலையத்திலேயே பொதுக் கெப்பாசிட்டர் அமைத்து, செலவை உற்பத்திக்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம்.