பழைய மோட்டாரும் பச்சைக் குழந்தையும்

சென்ற வாரம் உறவினர் ஒருவரைக் காணும் பொருட்டு வலிகாமத்துக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். படலையைத் திறக்கும்போதே 'கரகர' என்னும் ஓசை செவியில் விழுந்தது. மாமரநிழலிலே ஒஸ்ரின் ஏ40 மோட்டார் வண்டியொன்று நின்றது. எழுபது வயதைத் தாண்டிய என் மாமா, சுரண்டியும் அரத்தாளுமாக அதன் பழைய வர்ணத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி! இவனுக்குப் புதுச்சட்டை போடப் போகிறேன். உரிக்க உரிக்க நாலு சட்டை வருகிறது" என்றார். வெள்ளை, அதன் கீழே நீலம், பின்பு கறுப்பு, எல்லாவற்றுக்கும் அடியிலே பச்சை!

யாழ்ப்பாணத்தாருக்கும் இவ்வண்டிகளுக்கும் உள்ள உறவு நேயர்கள் அறியாததன்று. ஏ40 வகை 1947இலும், மொறிஸ் மைனர் 1948இலும் இங்கிலாந்திலே வெளிவந்தன. 1990களில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, மண்ணெண்ணெயைக் குடித்தே இவை எமது வீதிகளில் ஓடின. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த அந்த இரவில், மாமாவின் குடும்பத்தைச் சுமந்து சென்றதும் இவ்வண்டியே. அன்று தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இன்று தானும் ஒரு குழந்தைக்குத் தாய்.

அக்குழந்தைதான் என் கருத்தைக் கவர்ந்தது. மாமா சுரண்டிய தூள் காற்றோடு விறாந்தைக்கு வந்து படிந்திருந்தது. பேரன் அதிலே தவழ்ந்து, விரல்களை வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தான்.

பழைய வர்ணங்களிலே ஈயம் கலந்திருத்தல் வழக்கம். கறளைத் தடுக்கப் பூசிய செந்தூரம் ஈயத்தாலானது. மஞ்சள் வர்ணத்திலும், அதனோடு நீலம் சேர்த்து உண்டாக்கிய பச்சைகள் பலவற்றிலும் ஈயம் உண்டு. 1904ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லொக்கார்ட் கிப்சன் என்னும் வைத்தியர், விறாந்தைக் கிராதிகளின் வர்ணத்தூளே குழந்தைகளின் ஈயநோய்க்குக் காரணம் என எடுத்துரைத்தார். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. பெரியவர்களிலும் நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையுடல் அதனை உறிஞ்சிக்கொள்ளும். தீங்கற்ற அளவென்று ஒன்று இல்லை என்பதே இன்றைய மருத்துவர் முடிபு.

"நாற்பது வருஷம் இந்த வேலை செய்தேன். எனக்கு என்ன வந்தது?" என்று மாமா சினந்தார்.

"உங்களுக்காக அன்று மாமா, அவனுக்காகவே சொல்கிறேன்" என்றேன். மகள் ஒன்றும் பேசாமல் வந்து குழந்தையைத் தூக்கி, கைகளைக் கழுவினாள். மாமாவின் கையிலிருந்த சுரண்டி தாழ்ந்தது.

அதன்பின் இருவரும் அமர்ந்து ஆலோசித்தோம். எங்கள் முடிபுகள் இவ்வேலையில் இறங்கும் பிறருக்கும் உதவக்கூடும்.

முதலாவது, எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதில்லை. வெடிக்காமல், உதிராமல் உறுதியாகப் பற்றியிருக்கும் பூச்சு தன்னளவில் தீங்கு செய்வதன்று. தூளானாற்றான் அது நஞ்சாகிறது. கறள் புகுந்த பாகங்களை மட்டும் உரித்தாற் போதும்.

இரண்டாவது, உலர்ந்த நிலையில் தேய்த்தல் ஆகாது. நீரில் தோய்த்த அரத்தாளையே கொள்ளுக. தீச்சுவாலையும் வேண்டாம். அது ஈயப்புகையை எழுப்புவதோடு மெல்லிய தகட்டையும் வளைத்துவிடும். பழைய பொருத்துக்களில் நிரப்பிய ஈயப்பற்றும் உருகிவிடும்.

மூன்றாவது, வர்ணம் நீக்கும் இரசாயனக் களிம்பைப் பூசுவோர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து வெட்டவெளியிலே செய்க. மெத்திலீன் குளோரைட்டு கலந்த களிம்பின் ஆவி, அடைத்த அறைகளில் உயிரையே பறித்ததுண்டு. காஸ்ற்றிக் சோடா அலுமினியத்தை அரிக்குமாதலால், லாண்ட் றோவரின் அலுமினியத் தகடுகளுக்கு அது உதவாது.

நான்காவது, நிலத்தில் பொலித்தீன் விரித்து, உரிந்ததை ஈரத்துடனே திரட்டிக் கட்டுக. ஈயம் மக்கி மறைவதன்று. சுண்ணக்கல் வெடிப்புக்களூடே நீர் இறங்கும் எமது மண்ணிலே, கிணற்றடியில் அதைக் கொட்டுதல் ஆகாது. வேலைக்கு உடுத்த துணியைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. குளித்தபின்பே குழந்தையைத் தூக்குக.

ஐந்தாவது, வெறுந்தகட்டை இரவு கழிய விடாதீர்கள். எமது உப்புக்காற்றில் விடிவதற்குள் கறள் பூத்துவிடும். நன்கு துடைத்து உலர்த்தி, அன்றைக்கே அடிப்பூச்சுப் பூசுக.

குழந்தையை வைத்தியரிடம் காட்டி, நடந்ததைக் கூறி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கவேண்டுமா என்று கேட்கும்படியும் சொன்னேன். மறுநாளே போவதாக மகள் கூறினாள்.

புறப்படும்போது மாமா வண்டியின் பின்மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். அங்கே பழைய பச்சை வர்ணம் சிறிதும் சிதையாமல் மின்னியது. "இதைத் தொடமாட்டேன் தம்பி. அன்று இவளின் பால்மாப் பெட்டியை இதற்குள்ளேதான் வைத்துக் கொண்டுபோனோம்" என்றார்.

விறாந்தையை மகள் ஈரத்துணியாலே துடைத்துக்கொண்டிருந்தாள்.