படித்த பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் பலரும் விண்வெளி, கணினி என்று பெரிய விஷயங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எழுதப்போவது எஞ்சின் ஆயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் பற்றி. சிரிக்காதீர்கள். இந்த ஒரு வருடத்தில் எனக்கு அதிகப் பாடம் சொல்லிக் கொடுத்தவை இவை இரண்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோடு ஏற்றுகிறவர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பழைய கார்களுக்கு வேலை பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன்.

ஒருநாள் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று ஆயில் மாற்ற வந்தது. 1489 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழியில், மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரான கார். 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "என்ன ஆயில் மாப்ளே ஊத்தலாம்?" என்று மாமா கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "5டபிள்யூ-30 சிந்தெடிக் மாமா, அதுதான் இப்ப லேட்டஸ்ட்" என்றேன். மாமா தயங்கினார். பிறகு, "படிச்ச பையன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கி ஊற்றிவிட்டார்.

நடந்தது என்ன? எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விளக்கு கண் சிமிட்டியது. டேப்பெட் சத்தம் கூடியது. தரையில் சொட்டு சொட்டாக ஆயில். மாமா பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தண்ணியா இருக்குடா" என்று ஒரே வார்த்தை சொன்னார். வடித்துவிட்டு, அவர் வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-50 ஊற்றினார். விளக்கு அணைந்தது. ஆயில் காசு மாமாவின் கையை விட்டுப் போனது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அன்று இரவுதான் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முந்திய எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைக் காட்டும். பிந்திய எண், 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். பனி கொட்டும் ஊரில் 5டபிள்யூ வேண்டும். நம்மூர் வெயிலில், தேய்ந்து பேரிங் இடைவெளி கூடிப்போன பழைய எஞ்சினுக்கு 50-ன் கெட்டித்தன்மைதான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த எஞ்சினில் கேம், டேப்பெட்டின் தட்டையான முகத்தில் உரசிக்கொண்டே சுற்றுகிறது. அந்த உரசலிலிருந்து காப்பது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் கலவை. பாஸ்பரஸ் புதிய வண்டிகளின் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்திலிருந்து, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அது 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்துவிட்டார்கள். 20டபிள்யூ-50-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆக, புதியது எல்லாம் நல்லது அல்ல. விலை கூடியது எல்லாம் பொருத்தமும் அல்ல. மாமாவின் காதுக்குத் தெரிந்தது என் புத்தகத்திலும் இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை!

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று இத்தோடு முடித்துவிடலாமா? கூடாது. கதையின் மறுபாதியையும் கேளுங்கள்.

அதே வண்டி அடுத்த மாதம் மிஸ்ஸிங் என்று வந்தது. பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றின் முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தது. அது நல்ல எரிதலின் அடையாளம். நான்காவது மட்டும் கரி பிடித்திருந்தது. மாமா கார்புரேட்டரைக் குடைந்தார், பாயிண்டைத் தேய்த்தார், பலன் இல்லை. நான் பிளக்கைத் துடைத்து எழுத்தைப் படித்தேன். மூன்றில் பி.பி.6.இ.எஸ். நான்காவதில் பி.பி.6.எச்.எஸ். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். 'இ' என்றால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். 'எச்' என்றால் 12.7. இரண்டுக்கும் மரையின் விட்டம் ஒன்றே, ஸ்பானரும் ஒன்றே. அதனால் யாரோ எப்போதோ மாட்டிவிட்டார்கள். பொறி துவாரத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. இதையே தலைகீழாக, குட்டை மரை ஹெட்டில் நீள பிளக்கை மாட்டியிருந்தால் பிஸ்டனில் இடித்திருக்கும்!

சரியான பிளக் வாங்கி, ஃபீலர் கேஜ் வைத்து 0.025 அங்குல இடைவெளி பார்த்து மாட்டினோம். வண்டி பாடியது. மாமா பிளக் வாங்கப் போனால் பழையதைக் கடைக்காரரிடம் காட்டி, "இதே மாதிரி கொடுங்க" என்றுதான் கேட்பார். அவருக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. அன்று அந்தப் பழைய பிளக்கே தப்பாக இருந்தது!

நண்பர்களே, நம்மில் பலர் என்னைப் போல வீட்டுக்கு முதல் படிப்பாளி. நாம் சொன்னால் வீட்டில் கேள்வி கேட்கமாட்டார்கள், அப்படியே நம்பிவிடுவார்கள். அது நமக்குப் பெருமை என்று நினைத்திருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. நம்மைத் திருத்தக்கூடியவர்களே நமக்காக வாயை மூடிக்கொண்டால், நம் அரைகுறைப் படிப்புக்கு அவர்கள் பணம் கட்ட வேண்டியதாகிவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான். நம் மாணவர் பேரவை, பட்டறைகளில் இருக்கும் அனுபவசாலிகளை வருடம் ஒருமுறையாவது நம் லேப்புக்கு அழைத்துப் பேசவைக்க வேண்டும். நாம் நம் பங்குக்கு, ஆயில் டின்னிலும் பிளக்கிலும் உள்ள குறியீடுகளுக்குத் தமிழில் ஒரு அட்டவணை எழுதி, ஊரில் உள்ள ஷெட்டுகளில் ஒட்ட வேண்டும். செலவு ஒரு சார்ட் பேப்பர்தான்.

மாமா ஷெட்டில் நான் ஒட்டிவிட்டேன். இப்போதெல்லாம் அவர் கேட்டால், "முதல்ல நீங்க சொல்லுங்க மாமா" என்கிறேன். அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு