சொல் மூட்டை

பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளை நெட்டுருப் போட்டால் இங்கிலீஷ் வந்துவிடும் என்று நம் மாணவர்களுக்குப் போதிக்கிறவர்கள் அவர்களுக்குக் கெடுதல் செய்கிறார்கள். இதை நயமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தினம் பத்து வார்த்தை, மாதம் முந்நூறு வார்த்தை என்று கணக்குச் சொல்லிக் காசு வாங்குகிற வியாபாரம் ஊருக்கு ஊர் நடக்கிறது. பிள்ளை கடகடவென்று ஒப்பிப்பதைக் கேட்டுப் பெற்றோர்களும் பூரித்துப் போகிறார்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை; வலது பக்கம் ஒரு தமிழ் வார்த்தை; நடுவே ஒரு சமன் குறி. மோசடி அந்தச் சமன் குறியில் இருக்கிறது. தமிழ் படிக்க வந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு, உண்பது, தின்பது, சாப்பிடுவது, புசிப்பது, கொட்டிக்கொள்வது எல்லாம் ஒன்றே என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அவன் நம் வீட்டுக்கு வந்து, மிகுந்த மரியாதையோடு, "தங்கள் தகப்பனார் கொட்டிக்கொண்டாரா?" என்று விசாரிப்பான். அவனைக் கோபித்துக்கொண்டு என்ன பயன்?

நம் பையன் செய்வதும் இதேதான். 'நோட்டோரியஸ்' என்றால் பிரசித்தி பெற்ற என்று படித்துவிட்டு, பிரிவுபசார விழாவில் தன் தலைமை ஆசிரியரை அந்த வார்த்தையாலேயே புகழ்ந்து வைக்கிறான். அது போக்கிரிகளுக்கு உரிய பிரசித்தி என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டுக்கும் ஒல்லி என்றுதான் போட்டிருக்கிறது. முதல் வார்த்தையைக் கேட்டால் ஒரு பெண் சந்தோஷப்படுவாள்; இரண்டாவதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நம் முன்னோர்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை மனப்பாடம் பண்ணவில்லையா?" என்று ஒரு பண்டிதர் கேட்கலாம். பண்ணினார்கள். ஆனால் சூடாமணி நிகண்டைப் பாடம் பண்ணியவன், அந்தச் சொற்கள் உயிரோடு நடமாடுகிற காவியங்களுக்குள் போவதற்காகப் பண்ணினான். நிகண்டு அவனுக்கு வாசற்படி. இன்றைய பிள்ளைகளை வாசற்படியிலேயே உட்கார வைத்து, வீடு இவ்வளவுதான் என்கிறார்களே!

"அமெரிக்கப் பரீட்சைகளுக்கு வேண்டுமே?" என்பார் இன்னொருவர். ஒரு காலத்தில் வேண்டியிருந்தது வாஸ்தவம். தனிச் சொல் ஒன்றைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் கேள்வியை ஜி.ஆர்.இ. பரீட்சையிலிருந்து 2011-லேயே எடுத்துவிட்டார்கள். எஸ்.ஏ.டி. பரீட்சையும் 2016-ல் அபூர்வமான வார்த்தைகளைத் தேடிப் பிடித்துக் கேட்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒரு சொல் அந்த இடத்தில் என்ன பொருளில் வருகிறது என்று கேட்கத் தொடங்கியது. சந்தை கூட்டியவர்களே கடையைக் கட்டிவிட்டார்கள். நாம் இன்னும் மூட்டை சுமக்கிறோம்.

டாக்காவில் பல ஆண்டுகள் இருந்து இங்கிலீஷ் போதனையை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், 1953-ல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எல்லாம் சாதாரணச் சொற்கள். பொதுவான இங்கிலீஷ் எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. 2000-ல் நியூஸிலாந்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார், கல்லூரிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அந்தப் புத்தகங்களில் பத்தில் ஒரு பங்கு அவை. மாணவன் முதலில் கைவசப்படுத்த வேண்டியது இவற்றை. இவையும் நெட்டுருவில் வசப்படுவதில்லை. பழகப் பழகத்தான் வரும். 'புட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் 'ஆன்' வந்தால் உடுத்துவது, 'ஆஃப்' வந்தால் ஒத்திப்போடுவது, 'அவுட்' வந்தால் அணைப்பது, 'அப் வித்' வந்தால் பொறுத்துக்கொள்வது. 'புரோகிராஸ்டினேட்' என்று முழங்குகிற பையன், ஆபீஸில் "மீட்டிங் புட் ஆஃப்" என்று யாராவது சொன்னால் விழிக்கிறான்.

இங்கிலீஷ் வேண்டாம் என்கிற கட்சி அல்ல நான். வேண்டும், கிராமத்துப் பிள்ளைக்கு எல்லோரையும்விட அதிகமாக வேண்டும். பாங்கியில் தன் நியாயத்தைக் கேட்க வேண்டும்; டாக்டரின் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்; மேலதிகாரிக்குத் தன் குறையை நாலு வரியில் எழுத வேண்டும். இதற்குத் தேவையான எளிய பாஷையைக் கொடுக்காமல், பகட்டான பத்து வார்த்தையைக் கையில் திணித்து அனுப்புகிறோம். அவன் ஒரு சபையில் அதைத் தப்பாக எடுத்து விடுகிறான். கான்வென்ட்டில் படித்த நாலு பேர் சிரிக்கிறார்கள். அன்றோடு அவன் வாயை மூடிக்கொள்கிறான். பிறகு தனக்கு உரியதைக் கேட்கக்கூட அந்த வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்துக்குத்தான் நாம் பீஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். உங்கள் பிள்ளை ஒரு புதிய வார்த்தையோடு வந்தால், "அர்த்தம் என்ன?" என்று கேட்காதீர்கள். "அதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். ஒரு கதையில், ஒரு பத்திரிகையில், யாரோ ஒருவர் பேச்சில் என்று அவன் இடம் சொன்னால் வார்த்தை அவனுடையதாகிவிட்டது. பட்டியலில் என்று சொன்னால், அந்தக் காசுக்கு எளிய இங்கிலீஷில் ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.