சிவப்பு மைக்கு மறுபரிசீலனை உண்டா?

புழல் என்ற பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: ஏரி, மத்திய சிறை. அந்தச் சிறைக்குள் இருக்கும் ஆயுள் தண்டனைக் கைதிக்குக்கூட, காலம் கடந்தபின் தன் வழக்கு மீண்டும் ஒருமுறை பார்க்கப்படும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, 10 ஆண்டுகளை நிறைவுசெய்த ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுதலை செய்யத் தமிழக அரசு ஆணையிட்டது. 2021-இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 கைதிகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. இந்த முடிவுகளைப் பாராட்டியவர்களும் உண்டு, குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கொள்கையை மறுப்பவர்கள் குறைவு: ஒரு மனிதனை அவன் செய்த குற்றத்தை மட்டும் வைத்து வாழ்நாள் முழுவதும் அளக்கக் கூடாது.

இந்தக் கொள்கை எட்டாத ஒரு பிரிவினர் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். புழலிலிருந்து மாதவரம், மணலி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் தொழிற்பகுதியில் ஆலை வாயில்களையும் கிடங்குகளையும் கன்டெய்னர் யார்டுகளையும் காப்பவர்களில் கணிசமானோர் ஒருகாலத்தில் ராணுவச் சீருடை அணிந்தவர்கள். இப்பகுதியில் வசிக்கும் நான் அவர்களில் சிலரோடு பேசிப் பழகியிருக்கிறேன். முழுக்காலம் பணியாற்றியவர்கள் தங்கள் படைப்பிரிவின் பெயரைப் பெருமையோடு சொல்வார்கள். ஒருசிலர் அந்தப் பேச்சு வந்தாலே விலகிப்போவார்கள். விசாரித்தால், ஒழுங்கீனத்தின் பேரில் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் என்பது தெரியவரும். குற்றம் சிறியதா பெரியதா என்பதை அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. வெளியேறிய விதம் மட்டுமே அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ராணுவத்திலிருந்து ஒருவர் தண்டனையாகவோ ஒழுங்கீனத்தின் காரணமாகவோ வெளியேற்றப்படுவதில் பல வகைகள் உண்டு. ராணுவ நீதிமன்றம் விசாரித்துப் பணிநீக்கம் செய்வது ஒன்று. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் நிர்வாக ஆணையால் நீக்குவது மற்றொன்று. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 13-ஆவது விதியின்கீழ் 'இனி இவரது சேவை தேவையில்லை' என்று விடுவிப்பது மூன்றாவது. கீழ்நிலை வீரர்களைப் பெரும்பாலும் பாதிப்பது இந்த மூன்றாவது வகைதான்.

இதன் அடிப்படை 'சிவப்பு மைப் பதிவு'. விடுப்பு முடிந்து காலதாமதமாகத் திரும்புவது, அனுமதியின்றிப் பணிக்கு வராமலிருப்பது, குடிபோதை, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை போன்ற குற்றங்களுக்குக் கட்டளை அதிகாரியே சுருக்கமாக விசாரித்துத் தண்டனை வழங்கலாம். கடுமையான தண்டனைகள் வீரரின் ஆவணத்தில் சிவப்பு மையில் எழுதப்படுகின்றன. அப்படி நான்கு பதிவுகள் சேர்ந்துவிட்டால் அவரை விடுவிப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்.

இதன் விளைவு என்ன? சிப்பாய் நிலையில் உள்ளவர் சேவை ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். 13-ஆவது ஆண்டில் விடுவிக்கப்படும் வீரருக்குப் பணிக்கொடை கிடைக்கலாம். மாத ஓய்வூதியம் கிடைக்காது. அதோடு சேர்ந்து வரும் மருத்துவ வசதியும் இல்லை. மத்திய அரசு வேலைகளில் முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீட்டு விதிகள், ஒழுங்கீனம் அல்லது திறமையின்மையால் விடுவிக்கப்பட்டவரை 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள்ளேயே சேர்ப்பதில்லை. பணிநீக்கம் செய்யப்பட்டவரின் நிலை இன்னும் மோசம். ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின்படி, அதற்கு முந்தைய சேவை முழுவதற்கும் ஓய்வூதியமோ பணிக்கொடையோ கேட்கும் தகுதியை அவர் இழக்கிறார். விதிவிலக்கு, குடியரசுத் தலைவரின் விருப்புரிமை ஒன்றே.

இந்த நடைமுறையின் கடுமையை உச்சநீதிமன்றம் உணராமல் இல்லை. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், நான்கு சிவப்பு மைப் பதிவுகள் இருப்பதாலேயே ஒருவரை இயந்திரத்தனமாக வெளியேற்ற முடியாது என்று கூறியது. ராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28-இல் அனுப்பிய சுற்றறிக்கையையே அதற்கு ஆதாரமாகக் காட்டியது. ஒவ்வொரு பதிவும் எந்தக் குற்றத்துக்காகத் தரப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும், நீண்ட சேவையையும் கடினமான இடங்களில் பணியாற்றியதையும் கருத்தில் கொள்ள வேண்டும், ஓய்வூதியத் தகுதியை நெருங்கியவர்களிடம் கடுமை காட்டக் கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. துபேயின் விடுவிப்பு ஆணையை நீதிமன்றம் ரத்துசெய்தது. ஓய்வூதியத் தகுதி பெறும் நாள்வரை அவர் பணியில் இருந்ததாகக் கருத வேண்டும் என்றது. நிலுவைச் சம்பளம் மட்டும் மறுக்கப்பட்டது.

ஆனால் 2019-இல் சத்குர் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் விடுவிப்பை உறுதிசெய்தது. சுற்றறிக்கை கோரும் விசாரணை, துறைசார் விசாரணை போல விரிவாக இருக்க வேண்டியதில்லை என்றும் விளக்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. நீதிமன்றம் பார்ப்பது, வெளியேற்றிய நாளில் நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதை. வெளியேறியபின் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது அதன் கேள்வி அல்ல. அது நீதிமன்றத்தின் குற்றமும் அல்ல. நம் சட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்று ஓர் இடமே இல்லை.

இருக்கும் வழிகள் எவை? முதலில் ராணுவத்துக்குள்ளேயே முறையீடு. அடுத்து, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். அதன் அமர்வு சென்னையிலும் இருக்கிறது. இறுதி ஆணை வந்த 6 மாதங்களுக்குள் அங்கே செல்ல வேண்டும். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பாயத்தின் முடிவை உயர்நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தின்கீழ் எதிர்க்கலாம் என்பதை 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவை மதிப்புள்ள உரிமைகள்தான். ஆனால், வேலையையும் மரியாதையையும் ஒருசேர இழந்து ஊர் திரும்பிய இளைஞர் முதல் 6 மாதங்களில் தேடுவது அடுத்த வேளைச் சோற்றுக்கான வழியை. தனக்குச் சட்டத்தில் என்ன வழி உண்டு என்பது பலருக்கு ஆண்டுகள் கடந்தபின்தான் தெரியவருகிறது.

இதில் ஒரு விநோதமும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 72-ஆவது கூறு, ராணுவ நீதிமன்றம் அளித்த தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ குடியரசுத் தலைவருக்கு வெளிப்படையாகவே அதிகாரம் தருகிறது. ராணுவச் சட்டத்தின் 179-ஆவது பிரிவும், ராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தவருக்கு மன்னிப்பு வழங்க இடமளிக்கிறது. ஆனால் 13-ஆவது விதியின்கீழ் விடுவிக்கப்பட்டவர் ராணுவ நீதிமன்றத்தின் முன்னால் நிறுத்தப்படவே இல்லை. சட்டத்தின் பார்வையில் அவரது விடுவிப்பு ஒரு நிர்வாக நடவடிக்கை. மன்னிப்பதற்கு அங்கே தண்டனை என்று எதுவும் இல்லை. ஆக, பெரிய குற்றம் செய்தவருக்குக் கருணையின் கதவு இருக்கிறது. சிறிய தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்கு அந்தக் கதவும் இல்லை. குடிமைச் சட்டம் இவ்வளவு இறுக்கமாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நன்னடத்தையின்பேரில் விடப்பட்டவர்மீது அந்தக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு சுமத்தப்படாது என்கிறது.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன? அமெரிக்காவில் படைவீரரின் விடுவிப்புக்குத் தரநிலை உண்டு: கௌரவமானது, பொதுவானது, கௌரவக் குறைவானது, தீநடத்தை, அவமதிப்புக்குரியது. இந்தத் தரத்தை உயர்த்தக் கோருவதற்கென்றே 1944-இல் முன்னாள் படைவீரர் நலச் சட்டத்தின்கீழ் மறுஆய்வு வாரியங்கள் உருவாக்கப்பட்டன. விடுவிப்பிலிருந்து 15 ஆண்டுகள்வரை அங்கே விண்ணப்பிக்கலாம். அதற்கு அப்பால், ஆவணங்களைத் திருத்தும் வாரியங்கள் தனியே இருக்கின்றன. வியட்நாம் போரில் மனம் நொறுங்கித் திரும்பியவர்கள் பலர் 'ஒழுங்கீனர்கள்' என்று வெளியேற்றப்பட்டிருந்தனர். அவர்களது நடத்தைக்குப் போர் தந்த மனவடு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், விண்ணப்பங்களைத் தாராள மனத்துடன் பரிசீலிக்கும்படி 2014 செப்டம்பரில் அன்றைய பாதுகாப்புத் துறை அமைச்சர் சக் ஹேகல் உத்தரவிட்டார். அங்கேயும் குறைகள் உண்டு. விண்ணப்பித்தவர் அனைவரும் வெல்வதில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

பிரிட்டன் இன்னும் தாமதமாக விழித்தது. முதல் உலகப் போரில் கோழைத்தனம், களத்தைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு 2006-ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கப்பட்டது. அந்தத் தீர்ப்புகளை அது ரத்துசெய்யவில்லை; தண்டனையை அவர்கள் அனுபவித்திருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் நாடு ஏற்றுக்கொண்டது. பேரக்குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நமக்கும் இதில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1946 பிப்ரவரி 18-இல் மும்பையில் 'தல்வார்' கடற்படைத் தளத்தில் தொடங்கிய மாலுமிகளின் கிளர்ச்சி, கராச்சி, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களுக்கும் பரவியது. மோசமான உணவும் இனவெறி வசவுகளுமே அதன் உடனடிக் காரணங்கள். அன்றைய ஏடுகளின்படி அது படைத்துறையின் மிகப் பெரிய குற்றமான கலகம். நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். சுதந்திர இந்தியா பின்னாளில் அந்தக் கிளர்ச்சியை விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக ஏற்று, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தது. விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியதை அந்தத் தியாகத்தோடு நான் ஒப்பிடவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: படை ஆவணத்தில் எழுதப்பட்டது மாற்ற முடியாத இறுதிச் சொல் அல்ல என்பதை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. ஒழுங்கு குலைந்தால் படை இல்லை. எல்லையில் காவல் நிற்கவேண்டிய நாளில் ஒருவர் வராவிட்டால், அவருடைய சுமையை இன்னொருவர் தாங்குகிறார். சிலநேரம் உயிரையும் கொடுக்கிறார். படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்த 33-ஆவது கூறு இடமளிப்பது இதனால்தான். தவறு செய்தவருக்கும் முழுக்காலம் நேர்மையாக உழைத்தவருக்கும் ஒரே மரியாதை என்றால், இரண்டாமவருக்கு அது அநீதி. பாலியல் வன்முறை, ஆயுத விற்பனை, ஊழல், எதிரிக்குத் துணைபோதல் ஆகியவற்றுக்கு எந்தச் சலுகையும் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் மறுஆய்வு என்பது மீண்டும் பணியில் சேர்ப்பது அல்ல. ஒரு மனிதரின் கணக்கை இருபுறமும் பார்ப்பது. பனிமலையில் கழித்த ஆண்டுகள் ஒருபுறம், சிவப்பு மைப் பதிவுகள் மறுபுறம். அந்தப் பதிவுகள் எந்தச் சூழலில் வந்தன? தாயின் மரணப்படுக்கையில் அமர்ந்திருந்ததால் விடுப்பு நீண்டதா? குடிக்குப் பின்னால் சிகிச்சை பெறாத மனநோய் இருந்ததா? படையைவிட்டு வந்தபின் 10 ஆண்டுகள் காவல்நிலையப் படியேறாமல் உழைத்துப் பிழைத்தாரா? இவற்றை ஆராய்ந்து பதில் சொல்ல ஒரு வாரியம் போதும்.

பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரும் கீழ்நிலையில் பணியாற்றிய முன்னாள் வீரர் ஒருவரும் மனநல மருத்துவர் ஒருவரும் கொண்ட விடுவிப்பு மறுஆய்வு வாரியத்தை அமைக்கலாம். விடுவிப்புக்குப் பின் 5 ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கத் தகுதி, 15 ஆண்டுகள்வரை கால அவகாசம் என்று வைக்கலாம். கொடுங்குற்றங்களை முன்கூட்டியே விலக்கிவைக்கலாம். எல்லோருக்கும் ஓய்வூதியம் தர வேண்டியதில்லை. சிலருக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள நடத்தை மதிப்பீட்டை உயர்த்தினாலே போதும். சிலருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி. ஓய்வூதியத்துக்குச் சில மாதங்களே குறைந்தவர்களுக்கு அந்தக் குறையை மன்னித்தல். எந்த முடிவானாலும் காரணங்களோடு எழுத்தில் தரப்பட வேண்டும்.

தமிழக அரசுக்கும் இதில் பங்கு உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இவர்களையும் உள்ளே அழைத்து, 6 மாதக் காலவரம்பு முடிவதற்குள் முறையீட்டு வழியைச் சொல்லித்தர வேண்டும். படைவீரர் குடும்பங்களுக்காகத் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தொடங்கிய சட்ட உதவித் திட்டத்தை இவர்களுக்கும் விரிக்க வேண்டும்.

இது இப்போது அவசரமாவதற்குக் காரணம் இருக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில், 4 ஆண்டுகளுக்குப் பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே படையில் தொடர முடியும். மற்றவர்கள் இருபதுகளிலேயே வேலை தேடி வெளியே வருவார்கள். அந்த வயதில் படைச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் அவர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். வாரியத்துக்கான சட்ட முன்வரைவை, இந்த இளைஞர்கள் பெரும் எண்ணிக்கையில் வீடு திரும்புவதற்கு முன்பே மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். சிறைக் கைதிகளின் விடுதலைக்காகக் குரல்கொடுத்த தமிழகக் கட்சிகள், இந்த மனிதர்களுக்காகவும் அங்கே பேச வேண்டும்.